ஃபால்காவோ: முழங்காலா, முடிவுகளா?

2014 ஜனவரி 22, லியோன் நகரத்து ஜெர்லான் மைதானம். பிரெஞ்சுக் கோப்பையில் மொனாக்கோ கிளப்புக்கு எதிரே நின்றது நான்காம் பிரிவில் ஆடும் ஷாஸ்லே என்ற சின்ன ஊர் அணி. முதல் பாதியிலேயே மொனாக்கோவின் கொலம்பிய ஃபார்வர்ட் ரடமெல் ஃபால்காவோ ஒரு கோல் அடித்துவிட்டார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பந்தோடு முன்னேறியபோது பந்தைப் பறிக்க வந்த ஒரு டேக்கிளில் இடது கால் சிக்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் வைத்துத்தான் வெளியே கொண்டுபோனார்கள். இடது முழங்காலின் முன் சிலுவை ஜவ்வு, அதாவது ஏ.சி.எல்., கிழிந்திருந்தது. உலகக் கோப்பைக்கு ஐந்து மாதம்கூட இல்லை.

ஃபால்காவோவைப் பற்றிப் பேசும் பத்துப் பேரில் ஒன்பது பேர் கதையை இங்கேயே முடித்துவிடுவார்கள். "அந்த ஒரு டேக்கிள் இல்லாவிட்டால்..." என்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். டேக்கிள் போட்டவர் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே பகுதி நேரமாக ஆடியவர், அவருக்குக் கொலை மிரட்டல்வரை போனது. ஒரு ஆளின் தலையில் மொத்தப் பழியையும் கட்டியது அநியாயம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அது சரியான விளக்கமும் கிடையாது. அவர் எப்படிப்பட்ட ஃபார்வர்ட், காயத்துக்கு முன்னால் எங்கே போனார், காயம் ஆறுவதற்குள் எங்கே அனுப்பப்பட்டார், அப்புறம் எந்த அணியில் எழுந்தார் என்று வரிசையாகப் பார்த்தால், முழங்காலைவிட அதைச் சுற்றி எடுத்த முடிவுகள்தான் அவருக்கு அதிகம் நஷ்டம் வைத்தன என்பது என் கருத்து. அதற்கான ஆதாரம் அவருடைய ஆட்டத்திலேயே இருக்கிறது.

புலி எங்கிருந்து வந்தது

புலி என்பது ஃபால்காவோவின் பட்டப்பெயர். பிறந்தது 1986 பிப்ரவரி 10, கொலம்பியாவின் கரீபியன் கடற்கரையில் சாந்தா மார்த்தா. கொலம்பியாவின் பழைய நட்சத்திரம் கார்லோஸ் வால்டர்ராமா பிறந்த அதே ஊர். அப்பா ரடமெல் கார்சியா தொழில்முறை டிஃபெண்டர். பிரேசில் மிட்ஃபீல்டர் ஃபால்காவோ மேல் இருந்த பிரியத்தில் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். அப்பா ஆடப் போன இடமெல்லாம் குடும்பமும் போனது, வெனிசுலாவில் சில வருஷம், அங்கே பையன் பேஸ்பாலும் ஆடினான். 1999 ஆகஸ்டில் லான்செரோஸ் போயகா அணிக்காக இரண்டாம் பிரிவில் இறங்கியபோது வயது 13 தான். கொலம்பியத் தொழில்முறைக் கால்பந்தில் அந்த வயதில் யாரும் இறங்கியதில்லை.

2001இல் அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் இளைஞர் அணி. 2005 மார்ச்சில் பெரிய அணியில் முதல் ஆட்டம், அதே வருஷப் பின்பாதியில் 7 ஆட்டத்தில் 7 கோல். உடனே அடி விழுந்தது: நவம்பரில் வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது, 2006 ஜனவரியில் திரும்பி வரும் வேளையில் அதே கால் மறுபடி மாட்டிக்கொண்டது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் போனது. 19 வயதில் இதைத் தாண்டி வந்தவர் என்பதை 2014ஐப் பற்றிப் பேசும்போது எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் புவெனஸ் அயர்ஸில் பத்திரிகையியலும் படித்தார். ஆடுகளத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கையை யோசித்து வைத்திருந்த பையன்.

திரும்பி வந்தபின் 2007இல் தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான கோப்பா சுதாமெரிக்கானாவில் பொட்டாஃபோகோவுக்கு எதிராக ஹாட்ரிக், 2008இல் டியேகோ சிமியோனே பயிற்சியில் லீக் பட்டம். சிமியோனேயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாட்ரிட்டில் மறுபடி வருவார்.

எந்த மாதிரி ஸ்ட்ரைக்கர்

இதைப் புரிந்துகொள்ளாமல் மேலே போவதில் அர்த்தமில்லை. உயரம் 1.77 மீட்டர்தான், ஆனால் அந்தப் பத்தாண்டில் ஐரோப்பாவில் தலையால் முட்டிக் கோல் அடிப்பதில் அவருக்கு நிகர் என்று மிகச் சிலரைத்தான் சொல்ல முடியும். ரகசியம் குதிப்பதில் பாதி, நேரம் பார்ப்பதில் பாதி. ஓரத்திலிருந்து பாக்ஸுக்குள் அனுப்பும் பந்து, அதாவது கிராஸ், கிளம்புவதற்கு முன்னால் டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் நிற்பார், ஆள் பார்வையிலேயே இருக்க மாட்டார், பந்து காலை விட்டுக் கிளம்பிய நொடியில் இரண்டே எட்டில் குறுக்கே வெட்டி முன்னால் வந்துவிடுவார். அந்த இரண்டு எட்டுதான் அவருடைய பிழைப்பு. ஐம்பது மீட்டர் ஓடி நாலு பேரைத் தாண்டும் ஆள் இல்லை. பெனால்ட்டி பாக்ஸுக்குள் வரும் பந்தை எந்தக் கோணத்திலும், எந்தக் காலிலும், தலையிலும் முடிக்கும் ஆள்.

ஆக அவருக்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, திடீரென்று பாயும் அந்த உந்துவிசை. இரண்டு, பந்தைச் சரியான இடத்துக்கு அனுப்பும் ஆட்கள். 2009இல் போர்ச்சுகலின் போர்ட்டோ கிளப்புக்குப் போனபோது இரண்டும் சேர்ந்தன. சுமார் 40 லட்சம் யூரோ கொடுத்து அவருடைய உரிமையில் 60 சதவீதத்தை போர்ட்டோ வாங்கியது. முதல் சீசனில் லீக்கில் மட்டும் 25 கோல். இரண்டாவது சீசன், 2010-11, ஆந்த்ரே வில்லாஸ்-போவாஸ் பயிற்சியில் லீக்கை ஒரு தோல்வியும் இல்லாமல் வென்றார்கள். ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீக் அரையிறுதியில் வில்லார்ரியலை 5-1 என்று நொறுக்கியதில் நாலு கோல் ஃபால்காவோவுடையது. டப்ளினில் நடந்த இறுதியாட்டத்தில் பிராகாவுக்கு எதிராக விழுந்தது ஒரே கோல், அதுவும் முதல் பாதி முடியப்போகும் நேரத்தில்: வலப்பக்கத்திலிருந்து ஃப்ரெடி குவரின் அனுப்பிய கிராஸ், ஃபால்காவோவின் தலை. கொடுத்தவரும் கொலம்பியர், முடித்தவரும் கொலம்பியர். அந்தப் போட்டியில் மொத்தம் 17 கோல் அடித்து, 1995-96இல் யுர்கன் கிளின்ஸ்மன் வைத்திருந்த 15 கோல் சாதனையைத் தாண்டினார்.

2011 ஆகஸ்டில் 4 கோடி யூரோவுக்கு அட்லெட்டிகோ மாட்ரிட். டிசம்பரில் சிமியோனே அங்கே பயிற்சியாளராக வந்தார். 2012 மே 9, புக்கரெஸ்ட், யூரோப்பா லீக் இறுதி, எதிரணி அத்லெடிக் பில்பாவோ: ஏழாவது நிமிஷத்தில் வலது ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி இடது காலால் மேல் மூலைக்கு ஒரு வளைவு. அரை மணி நேரம் தாண்டியதும் பாக்ஸுக்குள் திரும்பி இன்னொன்று, அதுவும் இடது கால். ஆட்டம் 3-0. ஆகஸ்ட் 31 அன்று மொனாக்கோவில் ஐரோப்பிய சூப்பர் கோப்பை, எதிரே ஐரோப்பியச் சாம்பியன் செல்சீ. இடைவேளைக்குள் ஹாட்ரிக். முதல் கோலில் கோல்கீப்பர் பீட்டர் செக்கின் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிவிட்டதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். டிசம்பரில் டெபோர்ட்டிவோ லா கொருன்யாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 5 கோல். 2013 மே 17, ஸ்பெயினின் மன்னர் கோப்பை இறுதி, ரியல் மாட்ரிட்டின் சொந்த மைதானத்தில். தானே நடுக்களத்துக்கு இறங்கி ஆளைத் தாண்டி டியேகோ கோஸ்டாவுக்குப் பந்தை எடுத்துக் கொடுத்தார், அட்லெட்டிகோ 2-1 என்று வென்றது. நகரத்து எதிரியை அவர்கள் வென்றது 1999க்குப் பிறகு அன்றுதான். அட்லெட்டிகோவில் 91 ஆட்டம், 70 கோல்.

பாக்ஸுக்குள் மட்டும் நிற்பவர் என்று அவரைக் குறைத்துச் சொல்கிறவர்களுக்கு அந்த மன்னர் கோப்பைப் பாஸைப் போட்டுக் காட்டினால் போதும்.

முதல் தவறு காயத்துக்கு முன்னாலேயே

2012-13இல் அட்லெட்டிகோ மூன்றாம் இடம் பிடித்து ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. ஃபால்காவோ அங்கிருந்து கிளம்பினார். 2010 கோடைக்குப் பிந்தைய நாலு சீசன், ஒரு ஃபார்வர்டின் உச்ச வருஷங்கள், அவர் சாம்பியன்ஸ் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2010-11, 2011-12, 2012-13 மூன்றும் யூரோப்பா லீக், 2013-14இல் ஐரோப்பாப் போட்டியே இல்லை. சுமார் 6 கோடி யூரோ கொடுத்து அவரை வாங்கிய மொனாக்கோ, அப்போதுதான் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வந்த கிளப். ரஷ்யப் பணக்காரர் டிமித்ரி ரைபோலோவ்லெவ் பணத்தைக் கொட்டி, போர்ட்டோவிலிருந்து ஹாமேஸ் ரோட்ரிகெஸையும் ஜுவாவோ மௌட்டின்யோவையும் சேர்த்து வாங்கியிருந்தார்.

இதை வீரரின் பேராசை என்று சொல்லி முடித்துவிட முடியாது. அட்லெட்டிகோ கடனில் மூழ்கிய கிளப், ஃபால்காவோவை வாங்கவே டோயன் ஸ்போர்ட்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் பணம் தேவைப்பட்டது, பதிலுக்கு வீரரின் உரிமையில் அந்த நிறுவனத்துக்குப் பங்கு. பங்கு வைத்திருப்பவருக்கு லாபம் எப்போது? வீரர் விற்கப்படும்போதுதான். அணியில் ஆடும் ஆள் ஒரு பக்கம், அவர் எப்போது கைமாறுவார் என்று காத்திருக்கும் பணம் இன்னொரு பக்கம் என்றால் முடிவுகள் எந்தத் திசையில் சாயும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த முறையை ஃபிஃபா 2015இல் தடை செய்தது, செய்ய வேண்டியதுதான்.

அவர் போன அடுத்த சீசனிலேயே அட்லெட்டிகோ ஸ்பெயின் லீக்கை வென்று சாம்பியன்ஸ் லீக் இறுதிக்கும் போனது. முன்வரிசையில் கோல் அடித்துக்கொண்டிருந்தவர், முந்தைய வருஷம் ஃபால்காவோ பாஸ் கொடுத்த அதே டியேகோ கோஸ்டா.

நாட்டுக்கு வருவோம். 2002, 2006, 2010 என்று மூன்று உலகக் கோப்பைகளைத் தவறவிட்ட கொலம்பியாவைப் பயிற்சியாளர் ஹோசே பெக்கர்மன் தகுதிச் சுற்றில் இரண்டாம் இடத்துக்குக் கொண்டுவந்தார், அதில் ஃபால்காவோவின் கோல்கள் 9. 2013 அக்டோபர் 11, பர்ரான்கியா, பிற்பகல் வெயில். அரை மணி நேரத்துக்குள் சிலி 3-0 முன்னிலை. இரண்டாம் பாதியில் தேயோ குத்தியெர்ரெஸ் ஒன்று, அப்புறம் இரண்டு பெனால்ட்டி, இரண்டையும் எடுத்தது ஃபால்காவோ. 3-3, கொலம்பியா உலகக் கோப்பையில். ஒரு நாடே 16 வருஷமாகக் காத்திருந்ததைப் பெனால்ட்டிப் புள்ளியில் சுமந்து நின்றவர் இவர். மூன்று மாதம் கழித்து முழங்கால் போனபோது அதிபர் ஹுவான் மானுவல் சாந்தோஸ் போர்ட்டோ நகர மருத்துவமனைக்கே போய்ப் பார்த்தார் என்றால் அதன் பின்னணி இதுதான்.

ஏழு மாதமும் ஒரு வாரமும்

ஏ.சி.எல். என்ன செய்கிறது? முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு முன்னால் நழுவாமலும், உடம்பு திரும்பும்போது மூட்டு முறுக்கிக்கொள்ளாமலும் பிடித்து வைக்கிறது. கிழிந்தால் தைத்து ஒட்டுவதில்லை, பெரும்பாலும் உடம்பின் வேறிடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். இதில் பலருக்குத் தெரியாத விஷயம், அந்தப் புதிய நாண் வைத்த அன்றைக்கு இருந்த பலம் முதல் சில மாதங்களில் குறைகிறது, ரத்த ஓட்டம் பிடித்து அது ஜவ்வாகவே மாறிக்கொண்ட பிறகுதான் பலம் ஏறுகிறது. வலி போயிருக்கும், ஓட முடியும், ஆனால் உள்ளே வேலை முடிந்திருக்காது. தொடைத் தசை இளைத்திருக்கும், எல்லாவற்றுக்கும் மேலே, காலை ஊன்றும் அந்த நொடியில் மனசு ஒரு கணம் யோசிக்கும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆடத் திரும்புகிறவர்களுக்கு மறுபடி கிழியும் ஆபத்து கூடுதல் என்று இப்போது மருத்துவர்கள் பரவலாக ஒப்புக்கொள்கிறார்கள்.

ஃபால்காவோ வலது காலால் அடிப்பவர். அப்படியென்றால் ஊன்றுகால் இடது. கிழிந்தது அந்தக் கால். நான் மேலே சொன்ன அந்த இரண்டு எட்டுக்கு இது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சை ஜனவரி 25, போர்ட்டோவில். ஜூன் 2 அன்று பெக்கர்மன் 23 பேர் பட்டியலை அறிவித்தபோது அவர் பெயர் இல்லை. நாலு மாதம் சொச்சம்தான் ஆகியிருந்தது. கடைசி நிமிஷம்வரை நாடு முழுக்க ஆசையோடு காத்திருந்தும் அவரைச் சேர்க்காமல் விட்டது இந்த மொத்தக் கதையில் எடுக்கப்பட்ட மிகச் சரியான முடிவு. பெக்கர்மனுக்கு அதற்காக நன்றி சொல்ல வேண்டும். பிரேசிலில் ஹாமேஸ் 6 கோல் அடித்து கொலம்பியாவைக் காலிறுதிக்குக் கொண்டுபோனார். ஃபால்காவோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியை ஒவ்வொரு கொலம்பியரும் இன்றைக்கும் கேட்கிறார்.

ஆகஸ்டில் அவர் திரும்பினார். லண்டனில் நடந்த எமிரேட்ஸ் கோப்பையில் ஆர்செனலை மொனாக்கோ வென்ற 1-0 கோல் அவருடையது, தலையால். பிரெஞ்சு லீக் தொடங்கியதும் மூன்று ஆட்டத்தில் இரண்டு கோல். பாதி ஆட்டம், முக்கால் ஆட்டம் என்று நிதானமாக ஏறிக்கொண்டிருந்தார். இங்கேதான் இரண்டாவது, பெரிய தவறு. செப்டம்பர் 1, வீரர் பரிமாற்றத்துக்குக் கடைசி நாள், மான்செஸ்டர் யுனைடெட் அவரை லோனில், அதாவது தற்காலிகமாக, எடுத்தது. லோன் கட்டணம் 60 லட்சம் பவுண்ட், வாரச் சம்பளம் 2,65,000 பவுண்ட் என்று பத்திரிகைகளில் அடிபட்டது. அறுவை சிகிச்சை முடிந்து ஏழு மாதமும் ஒரு வாரமும்.

அந்தச் சம்பளத்துக்கு யாரும் "மெதுவாக வா" என்று சொல்ல மாட்டார்கள். புது நாடு, வேகமான லீக், ரூனி, வான் பெர்சி என்று முன்வரிசையில் ஏற்கெனவே பெரிய பெயர்கள், வாரத்துக்கு வாரம் அணியின் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்த பயிற்சியாளர் லூயிஸ் வான் ஹால். பந்தை நின்று நிதானமாகச் சுற்றி அனுப்பும் அணி அது. கிராஸ் வருவதற்குள் பாக்ஸுக்குள் டிஃபெண்டர்கள் செட் ஆகிவிடுவார்கள். காலும் இன்னும் தயாராகவில்லை, பந்தும் வரவில்லை. 26 லீக் ஆட்டம், 4 கோல். 2015 மார்ச்சில் 21 வயதுக்குட்பட்டோர் அணியோடு ஆட அனுப்பப்பட்டார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உலகின் முதல் ஐந்து ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர். அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. முகம் சுளிக்காமல் ஆடினார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து செல்சீ, மறுபடி லோன். 2015-16இல் 10 லீக் ஆட்டம், 1 கோல், அப்புறம் தசைக் காயம். பட்டம் வென்ற கையோடு சரிந்துகொண்டிருந்த அணி, பாதி சீசனில் பயிற்சியாளர் மாற்றம். தொடர்ந்து ஆட வேண்டிய ஒருவரை பெஞ்சில் உட்காரவைக்கும் இடத்துக்கு அனுப்பியதை மூன்றாவது தவறு என்றுதான் சொல்வேன்.

முழங்கால்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றால் அடுத்தது நடந்திருக்கவே கூடாது. 2016இல் 30 வயதில் மொனாக்கோவுக்குத் திரும்பினார். பயிற்சியாளர் லியோனார்டோ ஜார்டிம் அவர் கையில் கேப்டன் பட்டையைக் கொடுத்தார். இடமும் வலமும் மென்டி, சிடிபே என்று ஓடி ஓடி கிராஸ் போடும் ஃபுல்பேக்குகள் (ஓரத்து டிஃபெண்டர்கள்), உள்ளே வெட்டிப் பாஸ் கொடுக்க பெர்னார்டோ சில்வா, லெமார், பக்கத்தில் பாய்ந்து இடம் திறந்துவிட 18 வயது எம்பாப்பே. ஃபால்காவோ மாறியிருந்தார். பழைய பாய்ச்சல் முழுசாக இல்லை, ஆகவே இன்னும் முன்கூட்டியே நகர ஆரம்பித்தார், கொஞ்சம் கீழே இறங்கி முதுகைக் காட்டிப் பந்தை வாங்கி விட்டுக்கொடுத்தார், வேகத்தை எம்பாப்பேயிடம் விட்டுவிட்டுத் தன் பங்குக்கு நேரத்தை வைத்துக்கொண்டார். லீக்கில் 21 கோல், எல்லாப் போட்டியும் சேர்த்து 30. மொனாக்கோ 107 லீக் கோல் அடித்து, நாலு வருஷமாகப் பட்டத்தை விடாமல் வைத்திருந்த பாரிஸ் அணியை முந்தி 2000க்குப் பிறகு முதல் முறையாகச் சாம்பியன் ஆனது.

2017 பிப்ரவரி 21, சாம்பியன்ஸ் லீக், மான்செஸ்டர் சிட்டி மைதானம். அவரைத் தோற்றுப்போனவர் என்று எழுதி முடித்த அதே ஊர். முதல் பாதியில் ஃபபின்யோவின் பந்துக்கு முழுசாகப் பாய்ந்து ஒரு ஹெடர். இடைவேளைக்குப் பிறகு ஒரு பெனால்ட்டி, அதை கீப்பர் கபல்லேரோ பிடித்துவிட்டார். பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான், ஜான் ஸ்டோன்ஸைத் தோளால் தள்ளிக்கொண்டு முன்னேறி அதே கபல்லேரோவின் தலைக்கு மேலாகப் பந்தை மெல்லத் தூக்கி வலைக்குள் இறக்கினார். ஆட்டம் 5-3 என்று சிட்டிக்குப் போனது, ஆனால் திரும்ப நடந்த ஆட்டத்தை 3-1 என்று வென்று மொத்தக் கோல் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகம் அடித்த அணிக்கே வெற்றி என்று அப்போது இருந்த கணக்கில் மொனாக்கோ மேலே போனது, அரையிறுதிவரை. என்னைக் கேட்டால் ஃபால்காவோவின் மிகப் பெரிய கோல் புக்கரெஸ்டில் அடித்தது இல்லை, சிட்டியில் அடித்த அந்த இரண்டாவதுதான். பெனால்ட்டியைத் தவறவிட்ட கையோடு, மறுபடி கட்டப்பட்ட காலோடு, மூன்று வருஷ ஏளனத்துக்குப் பிறகு அந்த நிதானம் எல்லோருக்கும் வராது.

அடுத்த இரண்டு சீசனிலும் லீக்கில் 18, 15 என்று கோல்கள் வந்தன. 2018 ஜூன் 24, கசான் நகரம், போலந்துக்கு எதிராக 70ஆவது நிமிஷம். ஹுவான் கின்டெரோ அனுப்பிய பந்தை வலது காலின் வெளிப்பக்கத்தால் கோலுக்குள் தள்ளினார். உலகக் கோப்பையில் அவருடைய முதல் கோல், 32 வயதில். அடுத்த சுற்றில் இங்கிலாந்தோடு பெனால்ட்டி ஷூட்அவுட்டில் கொலம்பியாவின் முதல் உதையை எடுத்தவரும் அவர்தான், அடித்தும்விட்டார், அணி 4-3 என்று தோற்றது.

அப்புறம் 2019இல் கலாட்டாசராய், இஸ்தான்புல் விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கில் கூடிய கூட்டம், 43 ஆட்டத்தில் 20 கோல், இடையிடையே காயங்கள். 2021இல் மாட்ரிட்டின் தொழிலாளர் வட்டாரத்து அணியான ராயோ வாலெகானோ. முதல் ஆட்டத்திலேயே மாற்று வீரராக வந்து கோல், அக்டோபரில் பார்சிலோனாவை 1-0 என்று சாய்த்த கோலும் அவருடையது, அன்று ராத்திரியே பார்சிலோனா பயிற்சியாளர் கூமனை வேலையை விட்டு அனுப்பியது. 2024இல் சின்ன வயதிலிருந்து ரசிகராக இருந்த மில்லோனாரியோஸ் அணிக்காக போகோட்டா திரும்பினார். 13 வயதில் இரண்டாம் பிரிவில் ஆடியதோடு சரி, கொலம்பியாவின் முதல் பிரிவில் அவர் ஆடியது அப்போதுதான், 38 வயதில்.

தேசிய அணிக்கு 36 கோல், நாட்டிலேயே அதிகம். அர்னோல்டோ இகுவரானின் 25 பல வருஷம் அசையாமல் இருந்தது. இந்த எண்ணின் மதிப்பு அவர் தளர்ந்த பிறகுதான் தெரிந்தது. 2022 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கொலம்பியா தொடர்ந்து ஏழு ஆட்டம் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அவற்றில் சிலவற்றில் 35 வயது ஃபால்காவோவும் களத்தில் இருந்தார், ஆனால் கிராஸுக்கு முன்னால் வெட்டி வரும் அந்த ஆள் அவருக்குள் இல்லை, அவர் இடத்துக்கு வேறு யாரும் வந்திருக்கவும் இல்லை. கடைசியில் கொலம்பியாவுக்கு 23 புள்ளி, மேலே ஐந்தாம் இடத்தில் நின்ற பெருவுக்கு 24. ஒரே ஒரு புள்ளியில் உலகக் கோப்பை வாய்ப்பு நழுவியது.